கைமர நுனியின் கணக்கு

கலிபோர்னியாவின் பசடேனா நகரில் கேம்பிள் வீடு என்று ஒரு மரவீடு இருக்கிறது. சார்ல்ஸ் கிரீன், ஹென்றி கிரீன் என்ற அண்ணன் தம்பி இருவரும் வடிவமைத்து 1908-இல் எழுந்த வீடு. அதன் முன்னால் நிற்பவரின் கண் கதவுக்கோ சன்னலுக்கோ போவதற்கு முன் கூரையின் ஓரத்துக்குப் போய்விடும். கூரையைத் தாங்கும் கைமரங்கள் சுவரைத் தாண்டி நீண்டு, கூரைப்பரப்பின் விளிம்பையும் தாண்டி, உருட்டிய நுனிகளோடு வரிசையாக வெயிலில் நிற்கின்றன. பலகை அடித்து மூடாத இந்தக் கைமர நுனிகள் அமெரிக்காவின் ‘கிராஃப்ட்ஸ்மன்’ பங்களாக்களுக்கு அடையாளமாகவே ஆகிவிட்டன. இன்று அதே பாணியில் வீடு கட்ட விரும்புகிறவர், வீட்டு வடிவமைப்பு மென்பொருளைத் திறந்து, சுவர் எழுப்பி, கூரை போட்டு, கடைசியில் ஓரத்துக்கு வரும்போது தடுமாறுகிறார். சுவரும் கூரையும் சில சொடுக்குகளில் வந்துவிட்டன. இந்தச் சின்ன நுனி மட்டும் வர மறுக்கிறது, வந்தாலும் ஒட்டவைத்ததுபோல் தெரிகிறது. மென்பொருளில் ஏதோ ஒரு பொத்தான் விடுபட்டுப்போனதால் வரும் தொல்லை இது என்று தோன்றலாம். காரணம் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. பார்வைக்கு ஒரு வடிவமாகத் தெரியும் கைமர நுனி, உள்ளபடிக்கு ஒரு கணக்கின் விடை. கூரையின் சரிவு, வெளிநீட்டம், மரத்தின் கனம், சுவரின் உயரம், கைமரங்களுக்கு இடையிலான தூரம் எல்லாம் சேர்ந்து அந்த விடையைத் தருகின்றன. விடையை மட்டும் வரையச் சொன்னால் கணினி வரைந்துவிடும். கணக்கை அதற்குச் சொல்லாதவரை, வீட்டில் செய்யும் அடுத்த மாற்றத்தில் அந்த விடை தப்பாகிவிடும்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஒன்றரை அங்குலக் கனமும் ஐந்தரை அங்குல உயரமும் உள்ள கைமரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க மரக்கடையில் ‘இரண்டுக்கு ஆறு’ என்று விற்பது இதுதான். கூரையின் சரிவு 12-க்கு 4, அதாவது 12 அங்குலம் கிடைமட்டமாகப் போனால் 4 அங்குலம் இறங்கும். சுவரின் உச்சியில் படுத்திருக்கும் தலைக்கட்டையின் மேல்மட்டம் தரையிலிருந்து 97 அங்குலம்; சன்னலின் மேல்விளிம்பு 80 அங்குலம். கைமரம் வழுக்காமல் உட்கார அதன் அடிப்பக்கத்தில் ஒரு முக்கோணக் கொத்து வெட்டுவார்கள்; அந்நாட்டுத் தச்சர்கள் அதைப் ‘பறவை வாய்’ என்கிறார்கள். சுவரின் கனம் மூன்றரை அங்குலம் என்றால் கொத்தின் இருக்கையும் மூன்றரை அங்குலம். கைமரம் சுவரைவிட்டு 24 அங்குலம் வெளியே நீளட்டும். நுனியின் அடிப்பக்கம் தலைக்கட்டையின் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 9.2 அங்குலம் கீழே, தரையிலிருந்து 88 அங்குல உயரத்தில் நிற்கும். சன்னலுக்கு மேலே தாராளமான இடம். இப்போது வீட்டுக்காரர் கூரை இன்னும் கம்பீரமாக இருக்கட்டும் என்று சரிவை 12-க்கு 8 ஆக்குகிறார். ஓர் எண்தான் மாறியது. ஆனால் கணக்கு முதலில் உடைவது சுவரின் தலைக்கட்டையில். மூன்றரை அங்குல இருக்கைக்கு இந்தச் சரிவில் கைமரத்துக்குள் கிட்டத்தட்ட 1.9 அங்குல ஆழம் வெட்ட வேண்டியிருக்கும். மரத்தின் முனைப்பகுதியில் வெட்டும் கொத்து அதன் உயரத்தில் கால்பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதி. ஐந்தரையில் கால்பங்கு 1.375 அங்குலம். ஆகவே இருக்கையை இரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகக் குறுக்க வேண்டும். குறுக்கிய பிறகும் நுனியின் அடிப்பக்கம் 79.4 அங்குல உயரத்துக்கு இறங்கி, சன்னலின் மேல்விளிம்புக்கும் கீழே போய்விடுகிறது. உள்ளேயிருந்து பார்ப்பவர் வானத்துக்குப் பதிலாக வரிசையாக மரநுனிகளைப் பார்ப்பார். வெளிப்புறம் திறக்கும் சன்னலானால் கதவே இடிக்கும். நுனி முகத்தை நேர்குத்தாக அறுத்தால் அதன் உயரம் 5.8 அங்குலத்திலிருந்து 6.6 ஆகிறது. மூலைமட்டம் வைத்து மரத்துக்குச் செங்கோணமாக அறுத்தால் கீழ்மூலை மூன்று அங்குலம் உள்ளே போகிறது. மழைநீர்க் காடியைப் பொருத்த நேரான முகம் இல்லாமல் போகிறது.

தச்சர் இந்தச் சங்கிலி முழுவதையும் கையோடு வைத்திருக்கிறார். சட்டத்தின்மேல் மூலைமட்டத்தை வைத்துக் கோடிழுக்கும்போதே சரிவும் இருக்கையும் நுனியும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன. மென்பொருளிலோ கூரை பெரும்பாலும் கனமுள்ள ஒரு தட்டு, அவ்வளவுதான். அந்தத் தட்டின் ஓரத்தில் நுனியின் உருவத்தைச் செய்து, நகலெடுத்து, 24 அங்குலத்துக்கு ஒன்றாக அடுக்கிவிட்டால் படம் அழகாக வந்துவிடும். சரிவை மாற்றியதும் தட்டு சாய்கிறது. அடுக்கிய நுனிகள் பழைய கோணத்திலேயே காற்றில் தொங்குகின்றன. மென்பொருள் கவனக்குறைவாக நடந்துகொண்டது என்று சொல்வதற்கில்லை. அந்த நுனிகளுக்கும் கூரைக்கும் உறவு இருக்கிறது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

உறவை எழுதிவைக்கும் வழக்கம் கணினிக்கு மிக மூத்தது. சீனாவில் சோங் அரசின் காலத்தில் லீ ஜியே தொகுத்து 1103-இல் வெளியான ‘யிங்சாவ் ஃபாஷி’ என்ற கட்டட விதிநூல், இறவாரம் எவ்வளவு நீள வேண்டும் என்பதை ஒரே அளவாகச் சொல்லவில்லை. கைமரத்தின் குறுக்களவைக் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறது. கைமரம் மூன்று சுன் தடிமன் என்றால் இறவாரம் மூன்றரை ச்சி நீளலாம். ஐந்து சுன் என்றால் நான்கு முதல் நாலரை ச்சி வரை. பத்து சுன் சேர்ந்தது ஒரு ச்சி. அதற்கு மேலே இன்னொரு அடுக்காகப் பறக்கும் கைமரம் வைத்தால், இறவாரத்தின் ஒவ்வொரு ச்சிக்கும் ஆறு சுன் என்ற வீதத்தில் அது கூடுதலாக நீள வேண்டும். ஒன்றைக் கொடுத்தால் மற்றொன்று வரும் இந்த அமைப்பைத்தான் இன்றைய கணினித் துறை அளபுரு மாதிரி என்கிறது. அந்த நூல் அதை மைத்தூரிகையால் எழுதியது. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. தடிமன் மூன்றிலிருந்து ஐந்தாகும்போது நீட்டம் அதே விகிதத்தில் பெருகவில்லை, மெதுவாகத்தான் கூடுகிறது. ஆக, கைமரத்தின் படத்தை அப்படியே பெரிதாக்கினால் இந்த விதி கிடைக்காது. படத்தை இழுத்துப் பெரிதாக்குவதும் கட்டடத்தைப் பெரிதாக்குவதும் ஒன்றல்ல என்பதை அதைத் தொகுத்தவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஜப்பானியத் தச்சர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அவர்கள் எங்கே போனார்கள் என்பது புரிய, நம் பங்களாவின் சுவருக்குத் திரும்ப வேண்டும். சுவரின் நீளம் 30 அடி என்றால் 24 அங்குல இடைவெளியில் 16 கைமரங்கள் சரியாக அமையும். அறை கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும் என்று சுவரை 31 அடி ஆக்கினால், கடைசியில் 12 அங்குலம் மிஞ்சும். மூடிய இறவாரமானால் அந்த மிச்சத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. திறந்த இறவாரத்தில் அது பல்வரிசையில் ஒரு பல் நெருங்கி முளைத்ததுபோல் தெருவிலிருந்தே தெரியும். எல்லா இடைவெளியையும் சமமாகப் பிரித்து 23.25 அங்குலம் ஆக்கலாம். அப்போது மேலே அடிக்கும் எட்டடிப் ப்ளைவுட் பலகைகளின் மூட்டு கைமரத்தின்மேல் விழாது, ஒவ்வொன்றையும் அறுக்க வேண்டும். ஜப்பானியத் தச்சர்கள் கோயில்களில் இந்தச் சிக்கலை அடியோடு திருப்பிப்போட்டார்கள். கைமரங்களின் இடைவெளியையே அடிப்படை அலகாக்கி, தூண்களுக்கு இடையே எத்தனை கைமர இடைவெளி என்று எண்ணித் தூண்களை நட்டார்கள். சுவருக்கு ஏற்பக் கைமரம் என்றிருந்தது கைமரத்துக்கு ஏற்பச் சுவர் என்றானது. 1608-இல் எழுதப்பட்ட ‘ஷோமெய்’ என்ற தச்சுக் குடும்ப நூல் இத்தகைய விகிதங்களை வகைவகையாகத் தொகுத்து வைத்திருக்கிறது. வீட்டு மென்பொருள்கள் சுவரை முதலிலும் கூரையை அப்புறமும் நுனியைக் கடைசியிலும் கேட்கின்றன. அந்த வரிசை இயற்கையின் நியதி இல்லை, ஒரு தேர்வு. திறந்த இறவாரம் வேண்டுமென்று தீர்மானித்தவருக்கு அது பொருந்தாத தேர்வு.

கணினியால் உறவுகளைப் பிடித்துவைக்க முடியாது என்பதற்கில்லை. கணினி வரைகலையின் தொடக்கமே உறவுகளில்தான். 1963-இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் தன் ஆய்வேட்டுக்காக உருவாக்கிய ‘ஸ்கெட்ச்பேட்’, ஒளிப்பேனாவால் கோணல்மாணலாகக் கோடு போட்டாலும், இவை இணையாக இருக்க வேண்டும், இவை சம நீளமாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தால் படத்தைத் தானே திருத்திக்கொண்டது. அவர் காட்டிய எடுத்துக்காட்டுகளில் ஒரு பாலத்தின் சட்டகமும் உண்டு. சுமை ஏற்றினால் எந்தச் சட்டத்தில் எவ்வளவு விசை என்று அது காட்டியது. 1975-இல் சார்லஸ் ஈஸ்ட்மன், கட்டடத்தைத் தாள்தாளாக வரைவதை விட்டு ஒரே கணினி விவரிப்பாகச் சேமித்தால், ஓரிடத்தில் செய்த மாற்றம் எல்லா வரைபடத்திலும் தானே வந்துவிடும் என்று எழுதினார். அந்தக் கிளையில் வந்த ‘ரெவிட்’ மென்பொருள் 2000-இல் வெளியானது. அதே ஆண்டில் வந்த ‘ஸ்கெட்ச்அப்’ வேறு கிளை, பரப்புகளைப் பிடித்துத் தள்ளியும் இழுத்தும் உருவம் செய்வது. ரெவிட்டில் கூரை போடும்போது அது கைமரக் கூரையா, முக்கோணச் சட்டகங்களாலான டிரஸ் கூரையா என்று ஒரு கேள்வி வரும். முதலாவதைத் தேர்ந்தால் கூரையின் உயரத்தைச் சுவரின் உள்முகத்திலிருந்தும், இரண்டாவதைத் தேர்ந்தால் வெளிமுகத்திலிருந்தும் அளக்கும். கைமரம் கொத்து வெட்டிச் சுவரில் அமிழ்ந்து உட்காரும், டிரஸ் சுவரின்மேல் ஏறி நிற்கும் என்ற தச்சு அறிவு அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. நுனியை நேர்குத்தாக அறுப்பதா, மூலைமட்டத்தில் அறுப்பதா என்றும் அது கேட்கும். ஆனால் அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் கூரைத் தட்டின் ஓரத்துக்குத்தான் போய்ச் சேர்கிறது. தனித்தனி மரங்களுக்கு இல்லை. பாதிக் கணக்கு உள்ளே இருக்கிறது, மீதி இன்னும் வடிவமாகவே நிற்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இன்று அமெரிக்காவில் கட்டும் வீடுகளில் பெரும்பாலானவற்றின் கூரை ஆலையில் செய்து வரும் டிரஸ். வெளியே தெரியும் ‘கைமர நுனி’ பின்னால் ஆணியடித்து ஒட்டிய துண்டு மட்டுமே. எதையும் தாங்காத துண்டைத் தாங்குகிற மரம்போல் கணக்கிடுவானேன், அலங்காரம் என்றால் அலங்காரமாகவே வரையலாமே என்று கேட்பார்கள். பொய் நுனி என்பதற்காக மட்டும் அதை இகழ்ந்து ஒதுக்கவும் முடியாது. அதற்குப் பெரிய மரபு இருக்கிறது. ஜப்பானில் 990-இல் மீண்டும் கட்டப்பட்ட ஹோர்யூஜி கோயிலின் பேருரை மண்டபத்திலேயே, கீழிருந்து தெரியும் கைமரங்களுக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கூரை இருக்கிறது. மழையை வடிக்கும் செங்குத்தான சரிவை அந்த மறைகூரை பார்த்துக்கொள்ள, கீழே தெரிவது சாந்தமான சரிவில் அழகுக்காக நிற்கிறது. நம் ஆவுடையார்கோவிலில் கல்லிலே செதுக்கிய கொடுங்கையில் மரச்சட்டமும் கம்பியும் ஆணித்தலையும்கூடத் தெரிகின்றன. எந்த ஆணியும் அங்கே எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அதைப் பொய் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

மறுப்பில் உள்ள உண்மையை ஏற்றுக்கொண்ட பிறகும் வாதம் நிற்கிறது, ஏனென்றால் பொய் நுனிக்கும் கணக்கு வேண்டும். ரோமானிய எழுத்தாளர் விட்ருவியஸ் தம் நூலின் நான்காம் பகுதியில் இதைத்தான் எடுத்துச் சொல்கிறார். கிரேக்கக் கற்கோயில்களின் இறவாரத்துக்கு அடியில் தெரியும் கல் நீட்டங்களும் பல்வரிசைகளும் பழைய மரக்கூரையின் கைமர நுனிகளிலிருந்து வந்தவை. ஆகவே முன்னோர்கள் அந்தப் பல்வரிசையைக் கோயிலின் முக்கோண முகப்பில் வைக்க ஒப்பவில்லை என்கிறார். கைமரங்கள் இறவாரத்தை நோக்கித்தான் இறங்குகின்றன, முகப்பை நோக்கி இல்லை; மரத்தில் நடக்க முடியாதது கல்லிலும் நடக்கக் கூடாது. அவர் சொன்ன வரலாற்றைப் பிற்கால ஆய்வாளர்கள் பல இடங்களில் ஐயுற்றிருக்கிறார்கள். ஆனாலும் அந்தத் தர்க்கம் இன்றைய மென்பொருளுக்கு அப்படியே பொருந்துகிறது. கூரையின் விளிம்பு முழுவதும் நுனிகளை அடுக்கு என்று கட்டளை கொடுத்தால், கணினி இறவாரத்தைச் சுற்றிவந்து முக்கோண முகப்பிலும் ஏறி அடுக்கிவிடும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ சரியில்லை என்று தெரியும். அங்கே உண்மையில் வெளியே வரக்கூடியவை முகட்டு உத்திரமும் அதற்குக் கீழே கிடைமட்டமாக ஓடும் உத்திரங்களும்தான்; கிராஃப்ட்ஸ்மன் வீடுகளின் முகப்பில் முட்டுக்கொடுத்து நிற்பவை அந்த உத்திர நுனிகள். சரிவு வேறான இரண்டு கூரைகள் ஒரு மூலையில் கூடும்போது இது இன்னும் கூர்மையாகும். 12-க்கு 4 சரிவில் 24 அங்குலம் நீண்ட நுனி 8 அங்குலம் இறங்கும். 12-க்கு 8 சரிவில் அதே இறக்கம் 12 அங்குல நீட்டத்திலேயே வந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் சந்திக்க வேண்டுமானால் ஒருபக்க நீட்டத்தைப் பாதியாக்க வேண்டும், அல்லது ஒருபக்கச் சுவரை 8 அங்குலம் உயர்த்த வேண்டும். அலங்காரத் துண்டானாலும் இந்த வடிவக்கணிதம் விட்டுக்கொடுக்காது.

இன்னொரு மறுப்பு நடைமுறை சார்ந்தது. தொடக்க மாதிரியில் இவ்வளவு நுணுக்கம் எதற்கு, மென்பொருள் சுமை தாங்காமல் திணறும், தச்சர் வந்தபின் களத்தில் பார்த்துக்கொள்வார் என்பார்கள். கட்டடத் துறையில் மாதிரிகளை நுணுக்கப் படிநிலைகளாகப் பிரிப்பதே இதற்காகத்தான். கதவுக் குமிழின் திருகாணிவரை முதல் நாளே வரைவதில் பயனில்லை. ஆனால் கைமர நுனியைத் திருகாணியோடு சேர்த்து எண்ணுவது தவறு. வீட்டுக்குள் நெருப்பு நுழைய முயலும் இடங்களில் அதுவும் ஒன்று. காட்டுத்தீயின்போது காற்றில் பறந்துவரும் தணல் திறந்த இறவாரத்தின் சந்துகளில் தங்குகிறது. சுவரோரம் எழும் வெப்பக் காற்று கைமரங்களுக்கு இடையில் சிக்கிக்கொள்கிறது. 2008-இல் நடைமுறைக்கு வந்த கலிபோர்னியக் கட்டட விதியின் 7ஏ அத்தியாயம், காட்டுத்தீ வாய்ப்புள்ள பகுதிகளில் திறந்த இறவாரத்தின் அடிப்பக்கம் எளிதில் தீப்பற்றாத பொருளாக இருக்க வேண்டும் என்று வகுத்தது. பெயரளவில் இரண்டு அங்குலத்துக்குக் குறையாத திண்மரக் கைமர நுனிகளுக்கு விலக்குத் தந்தது. அழகுக்காக நுனியில் வளைவு செதுக்குவதற்கும் எல்லை உண்டு. சுவருக்கு வெளியே நீளும் பகுதியில் மரத்தைக் குடைந்தால் மிச்சம் மூன்றரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது, அப்படிக் குடைந்த நீட்டம் 24 அங்குலத்தைத் தாண்டவும் கூடாது என்கிறது அமெரிக்கக் குடியிருப்பு விதி. நம் ஐந்தரை அங்குல மரத்தில் செதுக்கக் கிடைப்பது இரண்டு அங்குலம்தான். 2025 ஜனவரியில் பசடேனாவுக்கு வடக்கே அல்டடீனாவில் பரவிய ஈட்டன் தீயில் 9,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துப் பங்களாக்களும் அவற்றில் இருந்தன. இழந்த வீட்டை அதே சாயலில் மீண்டும் எழுப்ப விரும்பும் குடும்பத்துக்கு, நுனியின் கனமும் இடைப்பலகையின் பொருளும் தணல் புகாத காற்றுத்துளையும் முதல் மாதிரியிலேயே வேண்டிய தகவல்கள். களத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதற்கு அங்கே இடமில்லை.

விதிகளை இவ்வளவு இறுக்கினால் கைவினையின் சுதந்திரம் என்ன ஆவது, எல்லா வீடும் ஒரே அச்சாகிவிடாதா என்ற கவலையும் நியாயமானதே. ஆனால் அச்சு வார்ப்பு வருவது எங்கிருந்து என்று பார்க்க வேண்டும். மென்பொருளின் கிடங்கில் ஆயத்தமாக இருக்கும் நான்கைந்து நுனி உருவங்களில் ஒன்றை எடுத்து ஒட்டும்போதுதான் தெருவெல்லாம் ஒரே நுனியாகிறது. உறவுகள் மாதிரிக்குள் இருந்தால் வடிவமைப்பவர் துணிந்து விளையாடலாம்: ஒரு நுனியை நீட்டலாம், அடுத்ததைக் குறைக்கலாம், வளைவை மாற்றலாம், எங்கே மரம் மெலிகிறது, எங்கே சன்னல் மறைகிறது என்று மாதிரி உடனே சொல்லிவிடும். கிரீன் சகோதரர்களின் நுனிகளில் தெரியும் தாராளம், மரத்தைத் தெரிந்தவர்களோடு நெருங்கி வேலை செய்ததால் வந்தது. பீட்டர் ஹால், ஜான் ஹால் என்ற தேர்ந்த தச்சுச் சகோதரர்கள் அவர்களோடு இருந்தார்கள்.

அவ்வளவு தெரிந்தவர்களும் ஓரிடத்தில் மரத்திடம் தோற்றார்கள். மரம் தண்ணீரைப் பக்கவாட்டில் மெல்லத்தான் உறிஞ்சும். நாரை வெட்டிய முனைமுகத்தின் வழியே பல மடங்கு வேகமாக உறிஞ்சும். ஈரப்பதம் 30 விழுக்காட்டை நெருங்கித் தங்கினால் பூஞ்சைக்கு அது போதும். ஜப்பானியக் கோயில்களில் கைமர நுனிமுகத்துக்கு வெள்ளை பூசுவதும் உலோகக் குல்லாய் மாட்டுவதும் பார்வைக்கு அழகு, மரத்துக்குக் காப்பு. கேம்பிள் வீட்டில் நுனிகள் கூரைக்கு வெளியே நீண்டு, ஏறத்தாழ நூறாண்டு வெயிலையும் மழையையும் நேராக வாங்கின, உள்ளே அழுகின. 2003-04-இல் நடந்த பாதுகாப்புப் பணியில் நைந்த நாரை எபாக்சியால் இறுக்கி, மூல மரத்தில் முடிந்தவரை மிச்சம் வைத்துச் சீர்செய்தார்கள். இன்று அதே வீட்டை மென்பொருளில் எழுப்பினால், நுனிமுகத்தில் வளையங்கள் தெரிய வேண்டிய இடத்திலும் பக்கவாட்டு ரேகைப் படத்தையே அது பெரும்பாலும் சுற்றி ஒட்டிவிடுகிறது; எந்த முகம் நீரைக் குடிக்கும் என்று அதற்குத் தெரியாது. ஆனால் கைமரம் எங்கே முடிகிறது, கூரைப்பரப்பு எங்கே முடிகிறது என்ற இரண்டு நீளமும் மாதிரிக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால், ஒவ்வொரு நுனியும் எத்தனை அங்குலம் மழையில் நிற்கப்போகிறது என்று மரம் வாங்கும் முன்பே தெரிந்துவிடும்.